ஒரு முழம் அகலம் கூடின போட்டு

விலைக்கு நின்ற இரண்டு மோட்டார் போட்டும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. அதனால்தான் அத்தனை நேரம் பிடித்தது. ஒன்று நல்லதாகவும் மற்றது நொள்ளையாகவும் இருந்திருந்தால், ஆதிமூலம் வெயில் ஏறுவதற்குள் நல்லதைக் கைகாட்டி லாரியில் ஏற்றச் சொல்லியிருப்பார். பொழுது சாய்வதற்குள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கள்ளக்குறிச்சியில் மகளைச் சித்தி வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருப்பார்.

மகள் அருள்மொழிக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது. சித்தி வீட்டு வாசல். போன வருஷம் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். போதும் படிச்சது என்று அப்பா நிறுத்திவிட்டார். அம்மா ராணியம்மாள் சோறு போடும்போதெல்லாம் ஒரு வார்த்தை, தண்ணீர் சேந்தும்போது ஒரு வார்த்தை என்று நச்சரித்து, தனித்தேர்வு எழுதுவதற்குச் சம்மதம் வாங்கியிருந்தாள். "இந்த ஒரு தடவதான். இதுலயும் போச்சின்னா அதுக்கப்புறம் பள்ளிக்கூடம்ன்ற பேச்சே வூட்ல வரக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான், அந்த விஷயத்தில் மட்டும். நாளை மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சியில் பரீட்சை. நாளை விடிந்தால் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். பஸ் ஓடாது. அதனால் இன்றைக்கே சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"நான் போட்டு பாக்க வரலப்பா. என்ன காலைலயே சித்தி வூட்ல உட்டுட்டுப் போங்க" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"குடும்பத்துக்குன்னு வாங்கற போட்டு. குடும்பமே ஏறிப் பாக்காம எப்பிடி வாங்கறது? திரும்பி வரச்சொல்ல உன்ன எறக்கி உட்டுட்டுதான் மறுவேல."

அவள் ஹால் டிக்கெட்டையும் கணக்குப் புத்தகத்தையும் ஒரு மாற்றுப் பாவாடையையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினாள். லாரி பச்சமுத்து மாமாவுடையது. அம்மாவின் தம்பி. கரும்பு ஏற்றுகிற லாரி. மறியல் நடத்துகிற சங்கத்துக்கு ஊரில் மாமாதான் செயலாளர். மறியலுக்கு எந்தெந்த இடத்தில் எந்தெந்த மரத்தை வெட்டிச் சாய்ப்பது என்று பேசி முடிவு செய்த கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்.

போட்டு எதற்கு என்றால், அது ஆடிப் பதினெட்டில் ஆரம்பித்தது. கோமுகி அணைக்கு அன்று ஊரே போகும். பின்னால் கல்வராயன் மலை பச்சையாக நிற்க, தண்ணீரோரம் ஆளாளுக்குத் தூக்குச் சட்டியைத் திறந்து புளிசோறு தின்பார்கள். இந்த வருஷம் ரைஸ்மில் அரங்கநாதன் எங்கிருந்தோ ஒரு போட்டு கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவர் வீட்டுப் பெண்டு பிள்ளைகள் அதில் ஏறி டுர்ரென்று அணையைச் சுற்றி வந்தார்கள். ஆதிமூலம் கரையில் நின்று, எங்க புள்ளைங்களயும் ஒரு ரவுண்டு ஏத்திக்கினு போங்களேன் என்று கேட்டார். அரங்கநாதன் சிரித்தார்.

"இதுல ஏறவும் தெரியணும், ஒக்காரவும் தெரியணும் ஆதிமூலம். மாட்டுவண்டி இல்ல பாரு."

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. அந்தக் கோபம் அருள்மொழிக்கும் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபத்துக்குத் தன் பரீட்சையைப் பிடித்து இழுப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

கடலூர் துறைமுகத்தில் ஆற்றோரமாக ஒரு கொட்டகை. அதன் முன்னால் கட்டைகள்மேல் அந்த இரண்டும் நின்றன. பைபர் கண்ணாடி நாரில் வார்த்த வெள்ளை உடம்பு, நீலப் பட்டை. பாண்டிச்சேரியில் ஏதோ ஓட்டல்காரர் வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்ட வைத்திருந்தவையாம். ஓட்டல் நொடித்து, இரண்டும் விலைக்கு வந்திருந்தன. மீன்பிடிப் படகு போலப் பின்னால் குந்திக்கொண்டு ஓட்டுகிற வேலை இதில் இல்லை. நட்ட நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு பெட்டி, அதன்மேல் கார் ஸ்டீரிங் போல ஒரு சக்கரம், முன்னால் ஒரு கண்ணாடி. நின்றுகொண்டே ஓட்டலாம். பெட்டியைச் சுற்றி நடந்து வர இடம் இருந்தது. முன்னாலும் பின்னாலும் உட்கார மெத்தை.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. கண்ண மூடிக்கினு எதையானா எடுங்க" என்றார் தரகர் அய்யனார்.

கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற ஆளா அப்பா? மாடு பிடிக்கிற சந்தையில் நிற்பது போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். குனிந்து வயிற்றைத் தடவினார். இதற்கும் சுழி இருக்கும், அது எங்கேயோ ஒளிந்திருக்கும் என்பது போலத் தேடினார். பிறகு சந்தைப் பழக்கத்தில் கையை நீட்டி அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்காக அய்யனாரிடம் நீட்டினார். கடலோரத்து ஆளுக்கு அது என்ன தெரியும்? துண்டு கொடுக்கிறார் என்று எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வேர்க்குதுங்க இன்னிக்கி" என்று திருப்பிக் கொடுத்தார். பச்சமுத்து மாமா மணலில் உட்கார்ந்து சிரித்தார்.

ஒவ்வொருவராக ஏறிப் பார்க்கச் சொன்னார் அப்பா. அம்மா முதல் போட்டில் முன்மெத்தையில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டாவதில். "எப்பிடிக்கீது?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அப்பாவே ஸ்டீரிங்கைப் பிடித்து நின்று தூரத்தில் பார்த்தார். அணையின் அக்கரையில் அரங்கநாதன் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறங்கினார். மறுபடி மற்றதில் ஏறினார். ராகுகாலம் வந்தது. ராகுகாலம் முடிகிறவரை யாரும் எதையும் சொல்லக் கூடாது என்றார்.

அருள்மொழி சும்மா உட்கார முடியாமல், கிடந்த கயிறு ஒன்றை எடுத்து ஒரு போட்டின் குறுக்கே பிடித்தாள். முடிச்சுப் போட்டாள். மற்றதன் குறுக்கே பிடித்தாள். இரண்டும் ஒன்றில்லை. ஒன்று ஒரு முழம் அகலம் கூட. அந்தக் கயிற்றை எடுத்துப் போய் லாரியின் பெட்டிக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, பெரிசு லாரிக்குள்ள அடங்காதுப்பா. பக்கப் பலகை மேலதான் ஒக்காரும். ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கினு நிக்கும். சின்னது உள்ளயே எறங்கிடும்."

"யார்றி அளந்தது?"

"நான்தான். கயித்துல."

"கணக்குல பெயிலானவ அளந்துட்டா மாமா. இனிமே இஞ்சினீரு எதுக்கு?" என்று அப்பாவிடம் சொன்னார் பச்சமுத்து.

அய்யனார் சிரித்தார். அப்பா சிரித்தார். அம்மாகூட உதட்டை மடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அருள்மொழி கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டாள். ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் அவள் குரல் எப்போதும் பாதியில் செத்துவிடும். அன்றும் செத்தது.

ராகுகாலம் முடிந்ததும் அப்பா புதிதாக ஒன்று சொன்னார். பூ கட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்த அம்மன் கோயிலுக்கு எல்லாரையும் நடத்திக்கொண்டு போனார். ஒரு காகிதத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் சின்னது, சிவப்பு வந்தால் பெரியது. மடித்து அம்மன் காலடியில் வைத்தார்கள்.

"கன்னிப்பொண்ணு எடுக்கணும். எடு பாப்பா."

அருள்மொழி எடுத்தாள். வெள்ளை.

"மனசுல அதையே நெனச்சிக்கினு எடுத்திருக்கற. செல்லாது. ராணி, நீ எடு."

அம்மா எடுத்தாள். வெள்ளை.

அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்தார். அப்புறம் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவி, முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு வந்து, தானே எடுத்தார். சிவப்பு.

"அம்மன் சொல்லிட்டா" என்றார்.

அம்மன் இரண்டு தடவை சொன்னதை யார் கேட்டது? அருள்மொழி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையிலிருந்த வெள்ளை அரளியைத் தலையில் செருகிக்கொண்டு நடந்தாள்.

பெரிய போட்டை லாரியில் ஏற்றும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அது உள்ளே இறங்கவில்லை. பக்கப் பலகைகள்மேல், கயிறு போட்டுக் கட்டி, கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. யாரும் அருள்மொழியைப் பார்க்கவில்லை. மாமா மட்டும், "மெதுவா போனா போச்சி" என்றார்.

மெதுவாகத்தான் போனார்கள். எதிரே பஸ் வந்தால் நிறுத்தினார்கள். மரக்கிளை தாழ்ந்திருந்தால் நிறுத்தினார்கள். விடிந்தால்தான் மறியல் என்று பேச்சு. ஆனால் ஆத்திரக்காரர்கள் முதல் நாள் இரவே மரத்தில் கோடாலியைப் போட்டுவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், லாரி விளக்கு வெளிச்சத்தில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே முழுசாகப் படுத்திருந்தது. இலை இன்னும் வாடவில்லை. திரும்பிப் போகலாம் என்றால் பின்னாலும் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது.

"நம்ம ஆளுங்கதான். உடுவானுங்க" என்றார் அப்பா.

நம்ம ஆட்கள்தான். வழியும் விட்டிருந்தார்கள். சாலையை விட்டு இறங்கி, காய்ந்த கொல்லையில் புகுந்து, இரண்டு பனைமரத்துக்கு நடுவில் போய் மறுபடி சாலை ஏறுகிற வழி. சங்கத்து வண்டி போக வர மட்டும். மற்றவர்களுக்குக் குறுக்கே ஒரு மாட்டுவண்டியை நிறுத்தியிருந்தார்கள். பச்சமுத்து மாமாவைப் பார்த்ததும் மாட்டுவண்டியை நகர்த்தினார்கள். மாமா லாரியைக் கொல்லையில் இறக்கினார். பனை இரண்டுக்கும் நடுவில் மூக்கை விட்டார். லாரி போனது. போட்டு போகவில்லை. இரண்டு பக்கமும் பனையில் முட்டிக் கிறீச்சென்று நின்றது.

ஒரு முழம். அவள் கயிற்றில் முடிச்சுப் போட்ட அதே ஒரு முழம்.

"பனைய வெட்டிப்புடலாமா?" என்று அப்பா கேட்டார்.

"இன்னாங்க பேசறீங்க. அடியில முனியப்பன் கீறாரு, பாக்கலியா?" என்றான் அய்யப்பன். அந்த இடத்து மறியலுக்கு அவன்தான் தலைவன். பனையடியில் மஞ்சள் பூசிய கல்லும் சூலமும் இருந்தன.

"அப்ப மரத்த நவுத்துங்கடா. ஒரு பக்கமா இழுத்துட்டா போயிடும்" என்றார் மாமா.

அய்யப்பன் சிரித்தான். "அண்ணே, நீதான கூட்டத்துல சொன்ன. சாஞ்ச மரம் சாஞ்சதுதான், பெத்த அப்பனே வந்து நின்னாலும் நவுத்தக் கூடாதுன்னு. நான் அங்கதான குந்திக்கினு இருந்தன்."



போட்டைச் சாய்த்து வைத்தால் போகும் என்று ஒருவர் சொன்னார். சாய்த்தால் நடுவில் இருக்கிற ஸ்டீரிங் பெட்டியும் கண்ணாடியும் நொறுங்கும் என்று அப்பா தலையில் கை வைத்தார். அருள்மொழி அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். அம்மா, "ஏங்க, போட்ட இங்க எறக்கி வெச்சிட்டு நாம லாரில போயிடலாம். புள்ளைக்குப் பரீட்ச" என்றாள்.

"இத ரோட்ல போட்டுட்டா? எவனாவது நெருப்பு வெச்சிட்டுப் போவான்."

"நான் மட்டும் நடந்து போறம்ப்பா" என்றாள் அருள்மொழி.

"வயசுப் பொண்ணு, ரோடு பூரா கலவரம். நடந்து போறாளாம். குந்துடி."

மறுநாள் விடிந்தது. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு நாள் கிடையாது.

போட்டைப் பார்க்கச் சுற்று வட்டாரத்து ஜனம் வந்தது. கொல்லையில், லாரிமேல், இரண்டு பனைமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு போட்டு. குழந்தைகள் ஏறின. ஏறக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டுர்ர்" என்று வாயால் சத்தம் கொடுத்தார். "புடிச்சிக்கோ, அணக்கட்டுக்குள்ள போறம், திரும்பறம் பாரு" என்று உடம்பைச் சாய்த்தார். குழந்தைகள் கத்தின. ஊர்ப் பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டே மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார்கள். யாரோ ஒரு குண்டான் எலுமிச்சை சோறு கொடுத்து அனுப்பினார்கள். அம்மா எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள்.

"வா பாப்பா, வந்து ஒக்காரு. குடும்பத்தோட போட்ல சாப்புடறம் பாரு" என்று அப்பா கூப்பிட்டார். அவர் முகத்தில் உண்மையிலேயே சந்தோஷம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அவள் பனைமரத்து நிழலில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி ஏறவில்லை. நாளை காலை பத்து மணிக்கு மணியடிப்பார்கள். காகிதம் கொடுப்பார்கள். அவள் பெயர் எழுதிய பெஞ்சு காலியாக இருக்கும். அப்புறம் இந்த ஜென்மத்துக்குப் பள்ளிக்கூடம் என்ற பேச்சு வீட்டில் வராது.

சாயங்காலம் கூட்டம் அதிகமானது. பேசுவதற்கு மேடை இல்லை என்றார்கள். மேடை எதற்கு, போட்டு இருக்கிறதே. பச்சமுத்து மாமா மேலே ஏறி, ஒரு கையில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். அப்பா பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"நம்ம சனம் எத்தினி நாளிக்கி அடுத்தவன் வயல்ல சேறு மிதிக்கிறது? நம்ம புள்ளைங்க படிக்கணும். பரீட்ச எழுதணும். ஆபீசுல நாற்காலி போட்டு ஒக்காரணும். அதுக்குதான் இந்த மரத்த சாய்ச்சோம். உயிரு போனாலும் நவுத்த மாட்டோம்."

கை தட்டினார்கள். அருள்மொழி எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா" என்றாள். குரல் பாதியில் சாகப் பார்த்தது. அவள் விடவில்லை. "எனக்கு நாளைக்குக் காலைல பரீட்ச. மரத்த நவுத்துவீங்களா?"

மாமா குனிந்து பார்த்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"இன்னா பாப்பா நேரங்கெட்ட நேரத்துல. அடுத்த தடவ எழுதிக்கலாம்."

"எனக்கு அடுத்த தடவ கெடையாது. அப்பாவக் கேளுங்க."

"வூட்டுப் பேச்சு வூட்ல பேசிக்கலாம் போ" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாலு பேர் இருக்கிற இடம் இல்லையா?

"இட ஒதுக்கீடு வந்துட்டா பரீட்சயெல்லாம் சுலுவாயிடும் தங்கச்சி" என்றான் அய்யப்பன். "நாங்க ரோட்ல கெடக்கறதே ஒனக்காகத்தான்."

"எனக்காகன்னா மரத்த நவுத்துங்க."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்தார். நம்ம புள்ளைங்க படிக்கணும் என்ற இடத்திலிருந்து.

வெட்டின மரத்தடியில் கோடாலிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் ஒன்றை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. விறகு பிளந்து பழகிய கைதான். லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, பக்கப் பலகைமேல் நின்றாள். என்ன செய்யப் போகிறாள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. போட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

சத்தம் மரத்தில் விழுகிற சத்தம் போல இல்லை. பெரிய பூசணிக்காயைத் தரையில் போட்டது போல இருந்தது. வெள்ளைத் தூள் பறந்தது. இழுத்து மறுபடி போட்டாள். நார் நாராகப் பிய்ந்து, உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது.

மாமாவின் பேச்சு நின்றது. "புள்ளைக்கிப் பேய் புடிச்சிக்கிச்சி" என்று யாரோ சொன்னார்கள். அப்பா பாய்ந்து வந்தார். ஸ்டீரிங் பெட்டியைச் சுற்றி வருவதற்குள் கால் இடறி மெத்தைமேல் விழுந்தார்.

"அருளு, கோடாலியக் கீழ போடு."

"ஒரு மொழம்தான்ப்பா" என்றாள். மூச்சு வாங்கியது. "ஒரு மொழம் கொறஞ்சா போயிடும். நான்தான் அளந்தன்."

இன்னொரு போடு. அய்யப்பன் லாரிமேல் ஏறக் கால் வைத்தான். கீழே நின்ற ராணியம்மாள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். சோறு பரிமாறின கை. சட்டையில் மஞ்சள் ஒட்டியது.

"வெட்டட்டும்" என்றாள்.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சட்டையை விடவும் இல்லை. அய்யப்பன் காலை இறக்கினான்.

ஓரம் ஒரு கை நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. அப்பா எழுந்து வந்து அந்தப் பொத்தலில் கையை விட்டுப் பார்த்தார். மாட்டுக்குக் காயம் பட்டால் பார்க்கிற மாதிரியே பார்த்தார். மகளை அடிக்கக் கை ஓங்கினார். கோடாலி அவள் கையில்தான் இருந்தது. அவள் தலையைக் குனியவில்லை. ஓங்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் துண்டை எடுத்து உதறினார்.

"எறக்குங்கடா" என்றார் கடைசியில். "எறக்கிப் போடுங்க. இனிமே இது எந்தத் தண்ணில மெதக்கப் போவுது."

கைதட்டுவதற்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து பிடித்ததில் போட்டு ஒரு நொடியில் கீழே இறங்கியது. நேற்று ராத்திரியே அதைச் செய்திருக்கலாம். அதை நினைத்தபோது அருள்மொழிக்கு இன்னும் கோபம் வந்தது. லாரி இரண்டு பனைக்கும் நடுவில் முனியப்பனை உரசாமல் புகுந்து போனது. அப்பா வரவில்லை. பொத்தல் போட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

லாரியை மாமாதான் ஓட்டினார். ஒவ்வொரு மரத்திலும் இறங்கிப் போய் வழி கேட்டு வந்தார். தியாகதுருகம் தாண்டினதும் வந்த மரத்தில் வழியே கிடையாது. இரண்டு பக்கமும் பள்ளம். லாரியிலேயே கண்ணயர்ந்து, வெள்ளி முளைத்ததும் தாயும் மகளும் இறங்கி மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்து நடந்தார்கள். கோடாலியை அருள்மொழி லாரியிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

சாலையில் வண்டி இல்லை. இருபுறமும் வெட்டின மரத்தின் பால் வாசனை. மரத்துக்கு மரம் காவலுக்கு ஆள். "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார்கள். "பரீட்சைக்கு" என்றாள் அருள்மொழி. ஒவ்வொருவரும், "நல்லா எழுது, நல்லா எழுது, நம்ம புள்ளைங்க படிக்கணும்" என்றார்கள். ஒருவரும் எழுந்து அம்மாவுக்கு மரம் தாண்டக் கை கொடுக்கவில்லை. அம்மாவின் புடவை கிளையில் மாட்டி முழங்காலுக்குக் கிழிந்தது.

தூரத்தில் கல்வராயன் மலை வெளுத்தபோது அம்மா சொன்னாள். "எனக்கும் அந்தச் சின்னதுதான் புடிச்சிருந்துச்சி."

அருள்மொழி நின்றாள்.

"ஏறி ஒக்காந்ததும் தெரிஞ்சிச்சி. பெரிசுல மெத்த ஒசரமா இருந்துச்சி. காலு தரையில படல. சின்னதுல நல்லா வாட்டமா இருந்துச்சி."

"அப்ப சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எவன் கேட்டான்?"

"நான் சொல்லச்சொல்ல நீயும் சேந்து சொல்லியிருக்கலாம் இல்ல? மாமா சிரிச்சப்ப நீயும்தான சிரிச்ச?"

அம்மா கிழிந்த புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "சிரிச்சன்" என்றாள். அருள்மொழி முன்னால் வேகமாக நடந்தாள். அம்மா பின்தங்கினால் தங்கட்டும் என்று நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து நின்று, அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பாதி சாத்தியிருந்தார்கள். காவல்காரர் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, "மணியடிச்சாச்சி, ஓடும்மா" என்றார். அம்மா கேட்டுக்கு வெளியே, சாய்க்காமல் விட்டிருந்த ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஹாலில் பாதிக்கு மேல் பெஞ்சு காலி. வரமுடியாதவர்கள் எங்கெங்கே எந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்களோ. கேள்வித்தாளைப் பிரித்தாள். உள்ளங்கையில் கோடாலிக் காம்பு கொப்பளம் போட்டிருந்தது. பேனாவை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. முழங்கை வரைக்கும் அந்தப் போட்டின் தூள் ஏறி நமைச்சல் எடுத்தது. கண்ணுக்குத் தெரியாத முள் ஆயிரம் குத்தின மாதிரி. சொறிந்தால் நேரம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு, நமைச்சலோடேயே முதல் கணக்கைப் போட ஆரம்பித்தாள்.